தருமபுரி, கிருஷ்ணகிரி மியூசியம் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வாத்தியார் வேலையில் இருந்த காலத்தில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பிள்ளைகளை வரிசை கட்டி மியூசியத்துக்குக் கூட்டிப்போவேன். ஓய்வு பெற்ற பிறகு பிள்ளைகள் இல்லை, கேள்விகள் மட்டும் போனில் வந்துகொண்டே இருக்கின்றன. பழைய மாணவர்கள், பெங்களூரில் வேலை பார்க்கும் சொந்தக்காரர்கள், ஒகேனக்கல் போகிற வழியில் ஒரு மணி நேரம் மிச்சம் இருக்கிறவர்கள் என்று பலர். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன்.

தருமபுரியில் மியூசியம் இருக்கிறதா என்ன?

இருக்கிறது. தருமபுரிக்காரர்களே இப்படிக் கேட்பதுதான் வேடிக்கை. ஊருக்குள்ளேயே மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. அங்கே நடுகற்கள்தான், அதாவது இறந்த வீரர்களின் நினைவாக நட்ட கற்கள்தான் முக்கியம். ஆட்டோக்காரரிடம் அகழ்வைப்பகம் என்றால் முழிப்பார். "நடுகல் மியூசியம்" என்று சொல்லிப் பாருங்கள். அதற்கும் முழித்தால் "கல்லெல்லாம் வச்சிருப்பாங்களே, அந்த இடம்" என்றால் போதும்.

கிருஷ்ணகிரியில் இருப்பது அரசு அருங்காட்சியகம். அது வேறு துறை, அருங்காட்சியகங்கள் துறை. 1993-ல் தொடங்கியது. அங்கே நடுகல்லோடு கற்காலக் கருவி, பழைய பானை, நாட்டார் கலைப்பொருள் எல்லாம் கலந்து இருக்கும். 2004 பிப்ரவரி வரை கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டம்தான். அதனால் பழைய புத்தகங்களில் "தருமபுரி மாவட்டக் கல்வெட்டு" என்று போட்டிருப்பதில் பாதி இன்றைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஊரைத் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

என்றைக்குப் போகலாம்? டிக்கெட் எவ்வளவு?

அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இரண்டாம் சனிக்கிழமையும் தேசிய விடுமுறை நாள்களும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும், அதுதான் வசதி. தொல்லியல் துறை அகழ்வைப்பகத்துக்குக் கிளம்பும் முன் ஒரு போன் போட்டுவிடுங்கள். கட்டணம் ஒரு டீ காசுக்கு மேல் போகாது.

டெல்லி தேசிய அருங்காட்சியகத்தையே பார்த்துவிட்டோம். இங்கே என்ன புதிதாக இருக்கப்போகிறது?

நியாயமான கேள்வி. டெல்லியில் மொகஞ்சதாரோ நடனப் பெண்ணைப் பார்த்திருப்பீர்கள். புத்தகத்தில் முழுப்பக்கப் படமாகப் பார்த்துப் பழகியதால், கண்ணாடிக்குள் பத்தரை சென்டிமீட்டர் உயரத்தில் நிற்பதைப் பார்த்ததும் "இவ்வளவுதானா" என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். அவள் பேர் நமக்குத் தெரியாது. அவள் நடனமாடுகிறாளா என்பதே சந்தேகம், கூப்பிடுவதற்கு நாம் வைத்த பேர் அது.

இங்கே இருக்கும் கல்லில் பேர் இருக்கும். எந்த ராஜா ஆண்ட எத்தனையாவது வருஷம், யாருடைய ஆள், எந்த ஊர் மாட்டை மீட்கப் போய்ச் செத்தான், எல்லாம் நாலு வரியில் இருக்கும். 1,400 வருஷத்துக்கு முந்தைய ஒரு சாதாரண மனிதனின் பேரைத் தெரிந்துகொள்ள உலகத்தில் எத்தனை இடங்களில் வாய்ப்பு இருக்கிறது? ராஜாக்கள் பேர் எங்கும் கிடைக்கும். மாட்டுப் பட்டியைக் காத்தவன் பேர் இந்தப் பக்கத்தில்தான் இவ்வளவு கிடைக்கிறது.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

எல்லாவற்றையும் பார்க்க அரை மணி நேரம். ஒரே ஒரு கல்லைப் பார்க்க ஒரு மணி நேரம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

நடுகல் என்றால் சமாதியா?

பெரும்பாலும் இல்லை. இறந்தவன் நினைவாக நட்ட கல். அடியில் உடம்பு இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. கல் நடுவதற்கு என்று ஒரு முறை இருந்தது. கல்லைத் தேர்ந்தெடுப்பது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையல் போடுவது, வாழ்த்துவது என்று தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். தருமபுரிப் பக்கம் இன்றைக்கும் ஒரு புதுச் சாமி பிரதிஷ்டைக்குப் போனால் இந்த வரிசை கொஞ்சம் உருமாறி அப்படியே நடப்பதைப் பார்க்கலாம்.

தகடூரை ஆண்ட சங்க காலத் தலைவன் அதியமானுக்கும் நடுகல் நட்டார்கள். அதன் முன் நின்று ஔவையார் கேட்டது புறநானூற்றில் 232-வது பாட்டு. மலையோடு சேர்த்து நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இப்போது மயில் பீலி சூட்டிச் சின்னக் கலயத்தில் கள்ளை ஊற்றினால் வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறார். அந்தக் கல் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் தகடூர் என்பது இந்தத் தருமபுரிதான். இந்த மண்ணில் நின்று நடுகல்லைப் பார்க்கும்போது அந்தப் பாட்டு நினைவுக்கு வராமல் இருந்ததில்லை எனக்கு.

ஒரு கல்லை எப்படிப் பார்ப்பது? எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே.

முதல் பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஒரு பல்லவர் காலத்துக் கல்லின் முன் நில்லுங்கள். உயரம் பெரும்பாலும் உங்கள் இடுப்பிலிருந்து நெஞ்சு வரை இருக்கும். பலகைக் கல்லின் முகத்தைச் செதுக்கி உருவத்தைப் புடைப்பாக எடுத்திருப்பார்கள்.

முகத்தை விட்டுவிடுங்கள், மழையும் எண்ணெயும் தின்றிருக்கும். கையைப் பாருங்கள். ஒரு கையில் வில், இன்னொரு கையில் குறுவாள். வில் இருந்தால் அம்பு எங்கே என்று தேடுங்கள். சில கல்லில் அம்பு அவன் கையில் இருக்காது, அவன் உடம்பில் இருக்கும். நெஞ்சிலோ தொடையிலோ ஒரு சின்னக் கோடு நீட்டிக்கொண்டிருக்கும். சிற்பி எவ்வளவு அடக்கமாக வைத்திருக்கிறான் பாருங்கள்: விழுந்து கிடக்கவில்லை, ரத்தம் இல்லை, ஆள் பாய்கிற நிலையிலேயே இருக்கிறான், அம்பு மட்டும் சொல்கிறது.

அடுத்து தலை. கொண்டை ஒரு பக்கமாக முடிந்திருக்கும். பிறகு இடுப்புக் கச்சு, அதன் முடிச்சு தொங்குகிற விதம். கடைசியாகக் கால்மாடு. இங்கேதான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். காலடி ஓரத்தில் மூக்கு வைத்த ஒரு கிண்டியும் ஒரு சிமிழும் சின்னதாகச் செதுக்கியிருக்கும். எல்லாக் கல்லிலும் இருக்காது, பல கல்லில் இருக்கும். படையலுக்கான பாத்திரம் என்று சொல்கிறார்கள். கல்லிலேயே செதுக்கிவிட்டால் சொந்தக்காரன் மறந்துபோனாலும் படையல் நிற்காது. இந்த விளக்கம் என் கற்பனை, புத்தகத்தில் இல்லை.

சில கல்லில் மாடுகள் வரிசையாக இருக்கும். குதிரை இருந்தால் அவன் சாதாரண ஆள் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

காலம் போகப் போக கல் பெரிதாகி அடுக்கு அடுக்காக மாறுகிறது. கீழ் அடுக்கில் சண்டை. நடு அடுக்கில் சாமரம் பிடித்த தேவப் பெண்கள் இரண்டு பேர் அவனைத் தூக்கிப் போகிறார்கள். மேல் அடுக்கில் அவன் லிங்கத்தின் முன் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறான். கன்னடப் பக்கத்து வீரகல் மரபு இது. நுளம்பர், ஒய்சாளர் என்ற கன்னடப் பக்கத்து அரசர்களின் ஆட்சி இங்கே இருந்ததால் வந்தது. பழைய ஒற்றை உருவக் கல்லையும் இந்த அடுக்குக் கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் நமது மாவட்டம் எப்படி இரண்டு நாட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு இருந்தது என்பது பேச்சே இல்லாமல் புரியும்.

எனக்குப் பழைய கல்தான் பிடிக்கும். அடுக்குக் கல்லில் அவன் சொர்க்கம் போய்விடுகிறான். பழைய கல்லில் இன்னும் இங்கேயே நிற்கிறான்.

அந்த எழுத்து தமிழா? நம்மால் படிக்க முடியுமா?

மொழி தமிழ், எழுத்து பெரும்பாலும் வட்டெழுத்து. பேர் சொல்வதுபோல் எல்லாம் வளைவு வளைவாக இருக்கும். முதலில் ஒன்றுமே புரியாது. ஆனால் வாசகம் ஒரு அச்சில் வார்த்தது மாதிரி ஒரே வரிசையில் வரும் என்பதால் பழகினால் பிடிபடும்.

தொடக்கம் "கோவிசைய" என்று வரும். கோ என்றால் அரசன். அடுத்து அரசன் பேர், "பருமற்கு" என்று முடியும், அதாவது வர்மனுக்கு. பல்லவ அரசர்களில் சிம்மவிஷ்ணு "சிங்கவிண்ணன்" ஆகிவிடுவார், மகேந்திரன் "மயிந்திரன்" ஆகிவிடுவார். அந்தக் காலத்துக் கல்தச்சனும் நம்ம ஊர் வாய்க்கு வந்தமாதிரிதான் எழுதினான். பிறகு ஆட்சி ஆண்டு. பிறகு யாருடைய சேவகன், என்ன சண்டை. முடிவில் "பட்டான் கல்". பட்டான் என்றால் செத்தான். நடுவில் "தொறு" என்று ஒரு சொல் அடிக்கடி வரும், மாட்டு மந்தை என்று அர்த்தம். "தொறு மீட்டுப் பட்டான்" என்றால் மந்தையை மீட்டுக் கொடுத்துவிட்டுச் செத்தான்.

இந்த மூன்று சொல்லைத் தெரிந்துகொண்டு போனாலே போதும்: கோவிசைய, தொறு, பட்டான்.

எழுத்து தெரிய ஒரு வழி உண்டு. நேரே வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. அங்கே இருப்பவரிடம் கேட்டுக்கொண்டு, போன் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போல் பிடியுங்கள். பள்ளமெல்லாம் நிழல் விழுந்து எழுத்து அப்படியே எழுந்து வரும். முதல் தடவை பார்க்கிற பிள்ளைகள் "ஏய்" என்று கத்துவார்கள். வெளியில் நிற்கும் கல் என்றால் காலை எட்டு மணிக்குள் அல்லது சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பாருங்கள், சூரியனே டார்ச் பிடிக்கும். சாக்பீஸ், கோலமாவு தடவுகிற வேலை மட்டும் வேண்டாம்.

அறிஞர்கள் எப்படிப் படிக்கிறார்கள்?

படியெடுப்பார்கள். கல்லை நீர் விட்டுத் தூரிகையால் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, கெட்டித் தூரிகையால் தட்டுவார்கள். தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கிவிடும். கொஞ்சம் காய்ந்ததும் மையில் தோய்த்த துணிப்பந்தால் மேலே ஒற்றி எடுப்பார்கள். மேடெல்லாம் கறுப்பு, எழுத்து வெள்ளை. உரித்து எடுத்தால் கல்லே தாளில் வந்துவிடும். ஒருமுறை வெயிலில் நின்று முழுவதும் பார்த்தேன். தட்டுகிற சத்தம் சப்பாத்திக்கு மாவு தட்டுகிற மாதிரி இருந்தது.

மாட்டுக்காக உயிரைக் கொடுப்பார்களா?

இன்றைக்கு உங்கள் நிலம், வங்கிக் கணக்கு, வண்டி மூன்றையும் ஒரே ராத்திரியில் ஒருவன் ஓட்டிப்போனால் என்ன செய்வீர்கள்? இது காடும் மேடும் மானாவாரிக் காடுகளும் நிறைந்த பகுதி. காவிரிக் கரை மாதிரி நெல் சொத்து இல்லை, மாடுதான் சொத்து. மாட்டைக் கவர்வதுதான் போர் தொடங்கும் முறையாகவும் இருந்தது. கவர்வதை வெட்சி என்றும் மீட்பதைக் கரந்தை என்றும் இலக்கணமே எழுதி வைத்தார்கள்.

ஒரு தடவை ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், இவரு ஜெயிச்சாரா, தோத்தாரா?" மாடு வந்துவிட்டது, ஆள் வரவில்லை என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ டிராவா சார்?" என்றான்.

நாய்க்குக்கூட நடுகல் உண்டு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நம் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், எடத்தனூரில் இருக்கிறது. மகேந்திரவர்மனின் 34-வது ஆட்சி ஆண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போய்ப் பட்டான். அவன் நாய் பேர் கோவிவன். அது இரண்டு கள்ளனைக் கடித்துவிட்டு அங்கேயே காத்து நின்றது என்று கல் சொல்கிறது. வீரனுக்குப் பக்கத்தில் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பேரை எழுத வேண்டும் என்று யாரோ ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது பாருங்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைக் கோழிக்கே கல் உண்டு.

பெண்கள் யாரும் இல்லையா?

சதிக்கல்லில் இருக்கிறார்கள். வீரனுக்குப் பக்கத்தில் ஒரு பெண், ஒரு கை உயர்ந்து வளையலோடு இருக்கும். சிலவற்றில் கையும் வளையலும் மட்டும் தனியாகச் செதுக்கியிருக்கும். வளையல் உடைக்காமல், கணவனோடு நெருப்பில் போனவள் என்று அர்த்தம். பெரும்பாலும் பிற்காலத்துக் கற்கள். வீரன் பேர் எழுதியவர்கள் பல இடத்தில் அவள் பேரை எழுதவில்லை. பிள்ளைகளோடு போனால் இந்தக் கல்லை ஒதுக்கிவிட்டுப் போகாதீர்கள், கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள்.

எங்கள் குலசாமி வேடியப்பன். அவரும் நடுகல் என்று ஒருவர் சொல்கிறார். சாமியைக் குறைத்துப் பேசுகிற மாதிரி இருக்கிறதே?

குறைக்கிற பேச்சே இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கம் நிறைய வேடியப்பன் கோயில்களில் உள்ளே நிற்பது நடுகல்தான். வில்லும் வாளும் வைத்த உருவம் இருக்கிறதா என்று பூசாரியைக் கேட்டுப் பாருங்கள். பொங்கல் வைத்து, கிடா வெட்டி, மண்குதிரை செய்து வைத்து அவனை ஆயிரத்துச் சொச்சம் வருஷமாக மறக்காமல் வைத்திருப்பது நீங்கள்தான். மியூசியத்துக் கல்லுக்கு விளக்கு கிடையாது.

ஒரே வேண்டுகோள். கும்பாபிஷேகம் என்று சொல்லி எனாமல் பெயின்ட் அடிக்காதீர்கள், சிமென்ட் பூசாதீர்கள். எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஒரு கல் இருந்தது. சின்ன வயதில் அதன் தலைப்பக்கம் மூன்று வரி எழுத்து விரலில் தட்டுப்படும், படிக்கத்தான் தெரியாது. படிக்கக் கற்றுக்கொண்டு திரும்பிப் போனபோது மேடை கட்டி, எழுத்து வரைக்கும் சிமென்ட் பூசி, மேலே நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். நல்ல மனசோடு செய்ததுதான். சண்டை போட ஆளே இல்லை. எண்ணெய், மஞ்சள், பூ போதும்.

எங்கள் ஊர்க் கல்லில் இருப்பவர் எந்தச் சாதி?

இந்தக் கேள்வி ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் வரும். கல்லில் பெரும்பாலும் இருப்பது பேர், தலைவன் பேர், ஊர், செத்த காரணம். கல்லில் இல்லாததை நான் எப்படிச் சொல்வது?

அதியமான் அரண்மனை எங்கே?

அரண்மனை இல்லை. தருமபுரிக்குப் பக்கத்தில் அதியமான்கோட்டை என்ற ஊர் இருக்கிறது. அங்கே சென்றாயப் பெருமாள் கோயிலில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன, கட்டாயம் பாருங்கள். ஆனால் அந்தக் கோயில் சங்க காலத்து அதியமானுக்கு வெகுகாலம் பிந்தியது.

அதியமான் இருந்ததற்கு அசையாத சாட்சி ஜம்பையில் இருக்கிறது, பெண்ணையாற்றுப் பக்கம், திருக்கோவிலூர் அருகே. 1981-ல் கண்டுபிடித்த, தமிழ் பிராமி என்ற மிகப் பழைய எழுத்தில் உள்ள கல்வெட்டு: "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி". நெடுமான் அஞ்சி கொடுத்த குகை இருப்பிடம் என்று அர்த்தம். அசோகர் கல்வெட்டில் சேர, சோழ, பாண்டியரோடு வரும் "சதியபுதோ" யார் என்று நூறு வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே வரியில் முடிந்தது.

தருமபுரிக் கோட்டைக் கோயிலையும் விட்டுவிடாதீர்கள். மல்லிகார்ஜுனர் கோயில், நுளம்பர் காலத்து வேலை. ஒரு தூண் தரையில் படாமல் நிற்கிறது என்று அதற்கு அடியில் துணியை விட்டு எடுத்துக் காட்டுவார்கள். அதைப் பார்த்து முடித்ததும் மற்றத் தூண்களையும் பாருங்கள், அழகு அங்கேதான் இருக்கிறது.

4,200 வருஷத்து இரும்பு நம் மாவட்டத்தில் என்றார்களே, அது எது?

மயிலாடும்பாறை, கிருஷ்ணகிரி மாவட்டம். 2003-ல் பேராசிரியர் கா. ராஜன் முதலில் தோண்டினார். பிறகு 2021-ல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியது. 104 சென்டிமீட்டர் ஆழத்திலும் 130 சென்டிமீட்டர் ஆழத்திலும் எடுத்த மாதிரிகளைக் கார்பன் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒன்று கி.மு. 1615, இன்னொன்று கி.மு. 2172 என்று வந்தது. 2022 மே 9 அன்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அன்றைக்கு எனக்கு வந்த போன்களுக்குக் கணக்கே இல்லை, ஏதோ நானே தோண்டின மாதிரி.

"முதல் இரும்பு நம்முடையது" என்று இன்னும் அடித்துப் பேசுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளைக்குக் கி.மு. 3345 என்று தேதி வெளியானது. சாதனை கை மாறிவிட்டது. அதனால் மயிலாடும்பாறை சின்னதாகிவிடவில்லை. அங்கே புதிய கற்காலம், இரும்புக்காலப் புதைகுழிகள், பாறை ஓவியம் எல்லாம் ஒரே மலையைச் சுற்றி இருக்கிறது. தேதிப் போட்டியைவிட அது பெரிய விஷயம்.

மியூசியத்தில் இரும்புப் பொருளைப் பார்க்கும்போது ஏமாந்துவிடாதீர்கள். துருவேறி, பொரிந்துபோய், கருவாடு மாதிரி இருக்கும். கத்தி என்று எழுதியிருப்பதால்தான் கத்தி என்று தெரியும்.

பானைகள் ஏன் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு?

கறுப்பு சிவப்புப் பானை என்றே அதற்குப் பேர். சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்பக்கத்துக்கும் வாய் விளிம்புக்கும் காற்று போகாது, அது கறுத்துவிடும். வெளிப்பக்கம் காற்றுப் பட்டுச் சிவக்கும். வாய்ப்பக்கம் எந்த இடத்தில் கறுப்பு முடிந்து சிவப்பு தொடங்குகிறது என்று பாருங்கள், பானை எவ்வளவு மண்ணிலோ சாம்பலிலோ புதைந்து நின்றது என்பதற்கு அதுதான் கோடு.

"குள்ளர் வீடு" உண்மையிலேயே குள்ளர்கள் இருந்த வீடா?

வீடே இல்லை. கல்திட்டை, ஈமச்சின்னம். நாலு பக்கம் பலகைக் கல், மேலே ஒரு மூடுகல், ஒரு பக்கம் வட்டமாக ஓட்டை. கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லச்சந்திரத்தில் பாறைமேல் கூட்டமாக நிற்கின்றன. பாண்டவர் வீடு என்றும் சொல்வார்கள். உயரம் குறைவு, வாசல் மாதிரி ஓட்டை, பார்த்தவுடன் வீடு என்று தோன்றாமல் வேறு என்ன தோன்றும்? மியூசியம் பார்த்த பிறகு இங்கே போனால் பானைகள் எந்த மாதிரி இடத்தில் கிடந்தன என்பது விளங்கும். உள்ளே ஏறிப் போட்டோ எடுக்காதீர்கள். வெயிலில் பாறை கொதிக்கும், தண்ணீர் கொண்டுபோங்கள்.

எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டும்போது பானையும் வழவழப்பான கல்லும் கிடைத்தன. என்ன செய்வது?

முதலில் மேலே தோண்டுவதை நிறுத்துங்கள். கிடைத்த இடத்தில், கிடைத்த நிலையில் படம் எடுங்கள். வி.ஏ.ஓ. அல்லது தாசில்தாரிடம் சொல்லுங்கள். 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணிலிருந்து கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். "நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள்" என்ற பயத்தில் பானையை உடைத்துக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. பானையைப் பார்க்க வருகிறவர்கள் உங்கள் காட்டைத் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள்.

வழவழப்பான கல் என்பது புதிய கற்காலக் கோடரியாக இருக்கலாம். ஒரு முனை கூராக, ஒரு முனை அகலமாக, கையில் வைத்தால் சோப்புக் கட்டி மாதிரி வழுக்கும். தருமபுரி மாவட்டம் மோதூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டம் சென்னானூரிலும் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. சேர்வராயன், ஜவ்வாது மலைப் பக்கங்களில் இவற்றைப் பொறுக்கிப் பிள்ளையார் என்று மரத்தடியில் வைத்துக் கும்பிடுவார்கள். ஒருவேளை உங்கள் ஊர் மரத்தடியிலும் இருக்கும், பாருங்கள்.

எப்படி வருவது? எது முதலில்?

தருமபுரிக்கு ரயில் உண்டு, கிருஷ்ணகிரிக்கு இல்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் 45 கிலோமீட்டர் வாக்கில், ஒரு மணி நேர பஸ். காலையில் தருமபுரியில் நடுகல், கோட்டைக் கோயில். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிருஷ்ணகிரி. மாம்பழ சீசனில் வந்தால் மியூசியத்தை நாலு மணிக்குள் முடியுங்கள், அதற்கப்புறம் உங்கள் வீட்டார் உங்களை மண்டிப் பக்கம்தான் இழுப்பார்கள்.

எங்கள் ஊர்க் கல்லைப் போட்டோ அனுப்பினால் படித்துச் சொல்வீர்களா?

முயற்சி செய்வேன். ஆனால் உச்சி வெயிலில் எடுத்து, மாலை போட்டு, பக்கத்தில் நீங்களும் நின்று அனுப்பாதீர்கள். சாயங்காலம் ஐந்தரைக்கு, பூவை ஒதுக்கி, நேர் எதிரே நின்று ஒன்று, எழுத்துக்குக் கிட்டே போய் மூன்று, கல்லின் முதுகில் ஒன்று. முதுகிலும் சில சமயம் எழுதியிருப்பார்கள். உயரம் தெரிய ஒரு ஸ்கேலோ பீடிக்கட்டோ பக்கத்தில் வையுங்கள். கல் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். பூசாரியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். போன மாதம் ஒருவர் கேட்காமல் எடுத்து மாட்டிக்கொண்டார், சமாதானம் பேச நான் போக வேண்டியதாயிற்று. போனதில் ஒரு லாபம், அந்தக் கல்லில் "தொறு" தெளிவாக இருந்தது.